ஆய்விதழ்களின் வரலாற்றில் அஸம்கரும் ஹைதராபாதும்

ஒரு சமூகத்தின் அறிவு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அறிஞர்களின் பெயர்களையும் அவர்கள் இயற்றிய நூல்களின் பெயர்களையுமே வரிசைப்படுத்திச் செல்கின்றனர். அந்நூல்களிற் பல முதலில் எங்கே உருப்பெற்றன, எவர் முன்னிலையில் சோதிக்கப்பட்டன, எவருடைய மறுப்பைச் சந்தித்துத் திருத்தமுற்றன என்னும் கேள்விகள் எழுப்பப்படுவது அரிது. அக்கேள்விகளுக்கான விடையைத் தேடினால், நாம் நூலகத்தின் நூல் அடுக்குகளை விட்டுச் சஞ்சிகைகள் அடுக்கப்பட்டிருக்கும் மூலைக்கே செல்ல வேண்டியிருக்கும். அந்த மூலை பொதுவாக இருளடைந்தும் தூசு படிந்தும் இருக்கும். கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த இரு ஆய்விதழ்களை மையமாகக் கொண்டு, மானிடவியல் துறைகளில் ஆய்விதழ் என்னும் நிறுவனம் ஆற்றிய பணியை இக்கட்டுரையில் நோக்க முயல்கின்றோம்.

ஆய்விதழ் என்பது ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒன்று. 1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸில் தெனி த ஸலோ ‘ஜுர்னால் தே ஸாவான்’ என்ற இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் ‘பிலஸாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்’ இதழை வெளியிட்டார். அறிஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மடல்களே இவ்விதழ்களின் மூலப்பொருள். தனிப்பட்ட மடல் அச்சேறியபோது மூன்று விளைவுகள் ஏற்பட்டன. கண்டுபிடித்தவர் யார் என்பது நாள் குறித்துப் பதிவாயிற்று; சொல்லப்பட்டது எவர் கண்ணுக்கும் புலனாயிற்று; மறுக்க விரும்பியவர் அடுத்த இதழிலேயே மறுக்க முடிந்தது. இவற்றுள் மூன்றாவதே மிகப் பெரியது என்பது எமது கருத்து.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பு முஸ்லிம்களின் இஸ்னாத் முறையிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுவதைக் கேட்கின்றோம். ஒப்பீடு அழகானதுதான். ஆயினும் இஸ்னாத் கேட்கும் கேள்வி, செய்தியைச் சுமந்து வந்த மனிதர் நம்பத்தக்கவரா என்பது. அடிக்குறிப்பு கேட்பது, எந்த ஏட்டில் எந்தப் பக்கத்தில் இது உள்ளது, நீயும் சென்று பார்க்க இயலுமா என்பது. இரண்டும் நேர்மையின் இரு வேறு வடிவங்கள். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்வதற்குச் சான்று வேண்டும். சான்று கேட்பதையே உயிராகக் கொண்ட ஒரு மரபைப் பெருமைப்படுத்த, சான்றில்லாத கூற்றொன்றை நாடுவது பொருந்தாது.

கீழைத்தேயம் பற்றிய ஆய்விதழ்கள் குடியேற்ற ஆட்சியின் நிழலிலேயே முளைத்தன. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் ‘ஏசியாட்டிக் ரிஸர்ச்சஸ்’ முதல் தொகுதி 1788இல் வெளிவந்தது. இந்தியாவைப் பற்றிய அச்சங்கத்தில் இந்தியர் உறுப்பினராவதற்கு 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸின் ‘ஜுர்னால் ஆஸியாதிக்’ 1822இலும், லண்டன் அரச ஆசியச் சங்கத்தின் ஆய்விதழ் 1834இலும், ஜெர்மன் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழ் 1847இலும் தோன்றின. இஸ்லாத்திற்கெனத் தனி ஆய்விதழ்கள் எழுந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1906இல் பிரெஞ்சு மொழியில் ‘முஸ்லிம் உலக ஆய்விதழ்’, 1910இல் கார்ல் ஹைன்ரிஷ் பெக்கரின் ‘டேர் இஸ்லாம்’, 1911இல் ஸாமுவேல் ஸ்வெமரின் ‘த மொஸ்லெம் வேர்ல்ட்’. இவற்றில் இறுதியாகக் கூறப்பட்டது, கிறிஸ்தவ மிஷனரிப் பணியின் தேவைக்காகவே தோற்றுவிக்கப்பட்டது. ஆக, முஸ்லிம்களின் வரலாறு, சட்டம், இலக்கியம், சமூக வாழ்வு ஆகிய அனைத்தும் ஒழுங்காக ஆராயப்படும் ஏடுகள் பல இருந்தன. அவற்றில் முஸ்லிம்கள் பொருளாக இருந்தனர், எழுதுவோராக இருக்கவில்லை.

இந்நிலைக்கு எதிர்வினையாகவே அலிகரும் அஸம்கரும் பேசத் தொடங்கின. ஸர் ஸெய்யித் அஹ்மத் கான் 1870 டிசம்பரில் தொடங்கிய ‘தஹ்தீபுல் அக்லாக்’ ஓர் ஆய்விதழ் அன்று, சீர்திருத்த இதழ். ஆயினும் சான்று காட்டி, சுருக்கமாக, அலங்காரம் தவிர்த்து எழுதும் உர்து உரைநடையை அது பழக்கியது. ஸர் ஸெய்யிதே பரனியின் ‘தாரீகே ஃபீரூஸ் ஷாஹி’யைக் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் வரிசைக்காக 1862இல் பதிப்பித்தவர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். பதிப்புப் பணியின் கடுமையை அறிந்தவர் அவர்.

அவருடைய அலிகரில் 1883இல் ஆசிரியராகச் சேர்ந்தவர் ஷிப்லி நுஃமானி. அங்கே தத்துவம் கற்பித்த தாமஸ் ஆர்னல்டுடன் அவருக்கு ஏற்பட்ட நட்பு குறிப்பிடத்தக்கது. 1892இல் ஷிப்லி துருக்கி, சிரியா, எகிப்து ஆகிய நாடுகளுக்குப் புறப்பட்டபோது கப்பலில் ஆர்னல்டும் உடன் சென்றார். வழியில் கப்பலின் இயந்திரம் பழுதுற்றது. கலங்கி ஓடிய ஷிப்லி, ஆர்னல்டு அமைதியாக நூலொன்றைப் படித்துக்கொண்டிருக்கக் கண்டார். கப்பல் அழியப் போவதாயின், எஞ்சியுள்ள சிறு நேரத்தை வீணாக்கலாகாது என்பதே ஆர்னல்டின் மறுமொழி. இதனை ஷிப்லி தம் பயண நூலில் வியப்புடன் பதிவு செய்கின்றார். ஒரு ஆலிம் தம் வாசகர்களுக்கு மேற்கின் ஆய்வு மனப்பான்மையைச் சொல்லிக்காட்டிய முறை இது. தத்துவ விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஷிப்லியின் ஆய்வுப் போக்கை அறிய, ஜுர்ஜி ஸைதானுடன் அவர் நடத்திய விவாதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். பெய்ரூத்தில் பிறந்த கிறிஸ்தவரான ஸைதான், கெய்ரோவில் 1892 முதல் ‘அல்ஹிலால்’ இதழை நடத்தியவர். 1902க்கும் 1906க்கும் இடையில் ஐந்து பாகங்களில் ‘இஸ்லாமிய நாகரிக வரலாறு’ என்ற அறபு நூலை வெளியிட்டார். அதன் நான்காம் பாகத்தை ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் மார்கோலியத் 1907இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அறபுலகெங்கும் அந்நூல் படிக்கப்பட்டது. உமையாக்களின் ஆட்சியும் அறபியரின் பண்பும் அதில் சித்திரிக்கப்பட்ட விதம் முஸ்லிம் அறிஞர் பலரை வருத்தியது.

அந்த வருத்தம் இரு வேறு வழிகளில் வெளிப்பட்டது. 1910இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் இஸ்லாமிய வரலாறு குறித்து விரிவுரையாற்ற ஸைதானை அழைத்தது. கிறிஸ்தவர் ஒருவர் அப்பாடத்தைக் கற்பிப்பதா என்ற எதிர்ப்பு எழவே, அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. இது ஒரு வழி. ஷிப்லி தேர்ந்தது மற்றொரு வழி. அவர் அந்நூலை வரி வரியாகப் படித்தார். ஸைதான் எடுத்தாண்ட மூலங்களைத் தாமே திறந்து பார்த்தார். மேற்கோள் எங்கே துண்டிக்கப்பட்டுள்ளது, தனியொரு நிகழ்ச்சி எங்கே பொது விதியாக்கப்பட்டுள்ளது, கேளிக்கைக் கதைகள் எங்கே வரலாற்றுச் சான்றாகக் காட்டப்பட்டுள்ளன என்று குறித்தார். அதனை உர்துவில் எழுதித் தம்மவரிடையே பாராட்டுப் பெற்றுக்கொண்டிருக்கலாம். அவர் அறபியில் எழுதினார். ரஷீத் ரிழா அதனைக் கெய்ரோவின் ‘அல்மனார்’ இதழில் 1912இல் வெளியிட்டார். அதே ஆண்டு ஷிப்லியின் அழைப்பை ஏற்று ரிழா லக்னோவின் நத்வாவிற்கு வருகை தந்தார்.

ஷிப்லியின் மறுப்புரை முழுவதும் நடுநிலையானது என்று நாம் கூறமாட்டோம். ஸைதானின் உள்நோக்கம் பற்றி அவர் சொல்லும் இடங்கள் கடுமையானவை. அவ்விடங்களில் வாதத்தின் வலு குறைகின்றது. மூலத்தை மூலத்துடன் ஒப்பிடும் இடங்களில்தான் அவர் அசைக்க இயலாதவராக நிற்கின்றார். எனினும் இரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது நாம் தயங்க வேண்டியதில்லை. விரிவுரையை நிறுத்தியதால் ஸைதானின் கூற்றுகளில் ஒன்றுகூடப் பொய்யென நிறுவப்படவில்லை. மறுப்பை எழுதியதால் சில கூற்றுகள் அவ்வாறு நிறுவப்பட்டன.

அலெக்ஸாந்திரியா நூலகம் பற்றிய சர்ச்சையும் இத்தகையதே. கலீஃபா உமர் (ரழி) அவர்களின் ஆணையால் அந்நூலகம் எரிக்கப்பட்டது என்ற கதையை ஸைதான் ஏற்றிருந்தார். ஷிப்லி இதற்கு முன்னரே தனிக் கட்டுரையொன்றில் அக்கதையை ஆராய்ந்திருந்தார். எகிப்து வெற்றி கொள்ளப்பட்டு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின், 13ஆம் நூற்றாண்டின் அப்துல் லதீஃப் அல்பக்தாதி, இப்னுல் கிஃப்தி ஆகியோரின் ஏடுகளிலேயே அக்கதை தலைகாட்டுகின்றது. அதற்கு முந்திய வரலாற்றாசிரியர் எவரும் அதனை அறியார். இங்கே ஷிப்லி உணர்ச்சியைத் தூண்டவில்லை, காலத்தைக் கணக்கிட்டார். ஆங்கிலேயரான ஆல்ஃபிரட் பட்லரும் எகிப்து வெற்றி பற்றிய தமது 1902ஆம் ஆண்டு நூலில் அக்கதையை நிராகரித்தே எழுதினார்.

1904இல் நத்வாவின் சார்பில் ‘அந்நத்வா’ என்ற இதழ் தொடங்கியது. இளைஞரான அபுல் கலாம் ஆஸாதும் ஸெய்யித் ஸுலைமான் நத்வியும் அதன் துணையாசிரியர்களாக வெவ்வேறு காலங்களில் ஷிப்லியிடம் பயின்றனர். ஆய்விதழின் பணிமனையே ஒரு மத்ரஸாவாக இருந்தது என்று இதனைக் கூறலாம். அஸம்கரில் தமது இல்லத்தையும் மாந்தோப்பையும் ஷிப்லி ஓர் எழுத்தாளர் கழகத்திற்கென வழங்கினார். 1914 நவம்பரில் அவர் மறைந்தார். சில நாட்களுக்குள் அவருடைய மாணவர்களும், அவருடைய உறவினரான ஹமீதுத்தீன் ஃபராஹியும் கூடி ‘தாருல் முஸன்னிஃபீன்’ என்ற அக்கழகத்தை அமைத்தனர். 1916 ஜூலையில் ஸுலைமான் நத்வியை ஆசிரியராகக் கொண்டு ‘மஆரிஃப்’ மாத இதழ் வெளிவந்தது. நூறு ஆண்டுகளைக் கடந்தும் வெளிவந்த இதழ் அது.

‘மஆரிஃப்’ இதழின் உள்ளமைப்பு எமக்கு எப்போதும் வியப்பளிப்பது. முதலில் ‘ஷதராத்’ என்னும் ஆசிரியர் குறிப்புகள், பின் கட்டுரைகள், அதன்பின் பிறமொழி இதழ்களில் வந்த ஆய்வுகளின் சுருக்கம், அறிவுலகச் செய்திகள், மறைந்த அறிஞர்கள் பற்றிய பதிவு, இறுதியில் புதிய நூல்களின் மதிப்பீடு. பெருநகரங்களுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழ்ந்த உர்து வாசகர், கெய்ரோவிலும் பெர்லினிலும் எந்தக் கையெழுத்துப் பிரதி அச்சேறுகின்றது என்பதை இவ்விதழ் வழியே அறிந்துகொண்டார். இக்காலத்தில் நம் இதழ்கள் பல, கட்டுரைகளை மட்டும் அடுக்கிவிட்டு இந்தச் சிறு பகுதிகளைக் கைவிட்டமை பெரும் இழப்பு. அறிஞர் சமூகம் ஒன்று இருப்பதாக வாசகரை உணரச் செய்பவை அச்சிறு பகுதிகளே.

இனி ஹைதராபாத். நிஸாம் ஆட்சியில் 1888இலேயே ‘தாயிரத்துல் மஆரிஃப்’ தோன்றி, அறபுக் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிக்கும் பணியில் இறங்கியிருந்தது. இப்னு ஹஜரின் ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ பன்னிரு பாகங்களையும், பிற்காலத்தில் அல்பிரூனியின் ‘அல்கானூனுல் மஸ்ஊதி’யையும் அறிவுலகிற்கு அளித்தது அந்நிறுவனம். 1918இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உர்துவைப் பயிற்று மொழியாகக் கொண்டு அமைந்தது. இச்சூழலில் 1927 ஜனவரியில் நிஸாம் மீர் உஸ்மான் அலீ கானின் ஆதரவில் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ் தோன்றியது. ஆசிரியர், மர்மடியூக் பிக்தால்.

பிக்தால் கல்விப்புல அறிஞர் அல்லர். 1903இல் ‘மீனவன் ஸயீத்’ என்ற நாவலால் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர்; 1917இல் வெளிப்படையாக இஸ்லாத்தைத் தழுவியவர்; 1920இல் பம்பாய் வந்து ‘பாம்பே க்ரானிக்கிள்’ நாளிதழை நடத்தியவர்; பின்னர் ஹைதராபாதில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியேற்றவர். அல்குர்ஆனுக்கு அவர் வழங்கிய ஆங்கிலப் பெயர்ப்பை உலகம் அறியும். அது 1930இல் வெளிவந்தது. அவருடைய காலாண்டிதழைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. எமது பார்வையில் இதழாசிரியராக அவர் ஆற்றிய பணி, பெயர்ப்பாளராக ஆற்றிய பணிக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது.

அவர் எதிர்கொண்ட முதற் கேள்வி, இன்றும் நம் இதழாசிரியர்கள் எதிர்கொள்ளும் கேள்விதான். முஸ்லிம்கள் நடத்தும் ஆய்விதழில் கீழைத்தேயவாதிகளுக்கு இடமளிக்கலாமா? பிக்தால் தம் முதலாண்டிலேயே விடையளித்தார். ஜோஸஃப் ஹோரோவிட்ஸ் என்ற ஜெர்மன் யூத அறிஞர், நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய முதற் தலைமுறையினர் பற்றி நீண்டதோர் ஆய்வு எழுதியிருந்தார். பிக்தால் அதனைத் தாமே ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்து, 1927, 1928ஆம் ஆண்டுகளின் இதழ்களில் தொடராக வெளியிட்டார்.

ஹோரோவிட்ஸ் இந்திய முஸ்லிம்களுக்கு அந்நியர் அல்லர். வாகிதியின் ‘மகாஸி’ நூலை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். இப்னு ஸஅதின் ‘தபகாத்’ பதிப்பில் பங்கேற்றவர். 1907 முதல் 1914 வரை அலிகரில் அறபுப் பேராசிரியர். ஃபராஹி அங்கே அவரிடம் ஹீப்ரு மொழியைக் கற்றார். அல்குர்ஆனின் தொடரமைப்பை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஃபராஹி, வேதங்களின் மொழியை ஒரு யூத ஆசிரியரிடம் கற்கத் தயங்கவில்லை. முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மானியர் என்ற காரணத்தால் ஹோரோவிட்ஸ் அலிகர் பணியை இழந்து, பின் ஃபிராங்ஃபர்ட்டில் பேராசிரியரானார்.

அவருடைய கட்டுரையின் உள்ளடக்கமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அபான் இப்னு உஸ்மான், உர்வா இப்னுஸ் ஸுபைர் ஆகியோரில் தொடங்கி, ஸுஹ்ரி, மூஸா இப்னு உக்பா, இப்னு இஸ்ஹாக், வாகிதி, இப்னு ஸஅத் வரை, எவர் எவரிடம் கற்றார், எதனை எழுதி வைத்தார் என்று தலைமுறை தலைமுறையாக அது ஆராய்ந்தது. ஸீரா இலக்கியம் நபி (ஸல்) அவர்களின் காலத்திற்கு வெகுவாகப் பிந்தித் திடீரெனத் தோன்றியது என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. அக்கட்டுரை 1949இல் ஹுஸைன் நஸ்ஸாரால் கெய்ரோவில் அறபியில் பெயர்க்கப்பட்டது. 2002இல் அமெரிக்காவில் நூலாக மறுபதிப்புப் பெற்றது. ஸீரா பற்றிய ஆய்வுகளில் இன்றும் அது எடுத்தாளப்படுகின்றது. ஹைதராபாதின் காலாண்டிதழ் ஒன்றிலிருந்து புறப்பட்ட கட்டுரை இது.

மார்கோலியத்தின் நிலை இதனினும் நுட்பமானது. 1905இல் அவர் எழுதிய நபிகளார் வரலாறு முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்தியது. ஷிப்லி தமது ‘ஸீரத்துந் நபி’யின் முன்னுரையில் அவரைக் கடுமையாக விமர்சித்தார், ஆயினும் ‘முஸ்னத் அஹ்மத்’தின் ஆறு பெரும் பாகங்களையும் எழுத்தெழுத்தாகப் படித்தவர் அவர் என்பதையும் மறைக்கவில்லை. அந்த மார்கோலியத் பெயர்த்த, 10ஆம் நூற்றாண்டுக் காஜி தனூகியின் ‘நிஷ்வார்’ பகுதிகளை பிக்தால் வெளியிட்டார். பக்தாதின் வணிகர், எழுத்தர், நீதிபதிகளின் அன்றாட வாழ்வைக் காட்டும் அரிய மூலம் அது. பாட்னாவின் ஸலாஹுத்தீன் குதா பக்ஷ், ஆதம் மெஸ்ஸின் ‘இஸ்லாத்தின் மறுமலர்ச்சி’ என்ற ஜெர்மன் நூலை இதே இதழில் தொடராகப் பெயர்த்து வந்தார். 1931இல் அவர் மறைந்தபின் அதனை நிறைவு செய்தவரும் மார்கோலியத்தே. வரி, நகரம், பண்டிகை, தொழில், கடல் வாணிபம் என ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் சமூக வாழ்வை முழுமையாக வரைய முயன்றது மெஸ்ஸின் நூல். மார்க் ப்ளாக்கும் லூஸியான் ஃபெவ்ரும் சமூகப் பொருளாதார வரலாற்றிற்கென ‘அன்னால்’ ஆய்விதழை ஸ்ட்ராஸ்பர்கில் 1929இல் தொடங்கினர். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஹைதராபாதின் வாசகர்கள் மன்னர்களின் போர்களை விட்டுச் சந்தைகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தனர்.

இதனால் பிக்தால் கொள்கையற்றவர் என்று எவரும் எண்ணலாகாது. ஒருவரின் முடிவை மறுப்பது வேறு, அவரது உழைப்பின் பயனை மறுப்பது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். கட்டுரைகளை அக்காலத்தில் நடுவர் குழு மதிப்பிடவில்லை. மானிடவியல் இதழ்களில் அம்முறை பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. பிக்தாலின் தீர்ப்பே இறுதியானது. அதில் ஆபத்தும் உண்டு. ஆசிரியர் சோர்ந்தால் இதழும் சோரும். 1935இல் பிக்தால் ஓய்வு பெற்று, 1936இல் மறைந்தார். அவருக்குப் பின் முஹம்மத் அஸத் 1938 வரை அப்பொறுப்பை ஏற்றார். யூதக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய ஆஸ்திரியர் அவர்.

இவ்விதழில் எழுதி வளர்ந்த இளைஞர்களுள் தலையாயவர் முஹம்மத் ஹமீதுல்லாஹ். 1908இல் ஹைதராபாதில் பிறந்தவர். சென்னையில் காஜிகளாக விளங்கிய நவாயத் குடும்பத்தின் வழிவந்தவர். பான் நகரிலும் பாரிஸிலும் இரு கலாநிதிப் பட்டங்களைப் பெற்று உஸ்மானியாவில் ஆசிரியரானார். இஸ்லாத்தின் ஆரம்பகால நீதி நிருவாகம் பற்றிய அவரது ஆய்வு 1937இல் இவ்விதழில் வெளிவந்தது. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். மீண்டும் திரும்பி வாழவில்லை. நாடற்றவராகப் பாரிஸில் தங்கி, பிரெஞ்சு தேசிய ஆய்வு மையத்தில் 1978 வரை பணியாற்றினார். ஹம்மாம் இப்னு முனப்பிஹ் அவர்களின் ‘ஸஹீஃபா’வை பெர்லின், திமிஷ்க் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து பதிப்பித்து 1953இல் வெளியிட்டார். 2002 டிசம்பரில் அமெரிக்காவில் காலமானார்.

தமிழகத்திற்கும் இவ்வறிவியக்கத்திற்கும் இருந்த தொடர்பை இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. சென்னைத் தோல் வணிகர் ஜமால் முஹம்மத் ஸாஹிப் போன்றோரின் பொருளுதவியால் இஸ்லாம் குறித்த சென்னைச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. 1925இல் ஸுலைமான் நத்வி உர்துவில் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ‘குத்பாதே மத்ராஸ்’ என்ற பெயரால் துணைக்கண்டமெங்கும் அறியப்படுபவை அவையே. 1927இல் பிக்தால் இஸ்லாத்தின் பண்பாட்டுப் பரிமாணம் குறித்துப் பேசினார். 1929 ஜனவரியில் இக்பால் வந்தார்; ‘இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்பு’ என்று பின்னர் நூலான உரைகளுள் மூன்றைச் சென்னையில் நிகழ்த்தினார். அதே ஆண்டு முஸ்லிம் அறிவியலாளர்களை ஆழ்ந்து கற்க வேண்டும் என்னும் இக்பாலின் கட்டுரையை ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ வெளியிட்டது. ‘மஆரிஃப்’ ஆசிரியரும் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ ஆசிரியரும் இரண்டாண்டு இடைவெளியில் ஒரே நகரத்து மேடையில் நின்றனர். அவர்களை அழைத்தவர்கள் தமிழ் பேசும் வணிகர்கள்.

இவ்விரு இதழ்களையும் ஒருங்கே நோக்கினால் ஒரு குறை புலனாகும். ‘மஆரிஃப்’ இதழை ஆலிம்கள் படித்தனர், ஐரோப்பா படிக்கவில்லை. ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ இதழை ஐரோப்பா படித்தது, மத்ரஸாக்கள் படிக்கவில்லை. ஒன்று சந்தாதாரர்களையும் போபால் பேகம் போன்ற கொடையாளிகளின் ஆதரவு பெற்ற ஒரு கழகத்தையும் சார்ந்து நின்றது. மற்றொன்று அரசுக் கருவூலத்தைச் சார்ந்து நின்றது. கருவூலம் கைமாறிய பின்னும் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ பல பத்தாண்டுகள் தொடர்ந்தது என்பது பாராட்டுக்குரியதே. ஆயினும் 1927இன் துணிவும் வீச்சும் அதற்கு மீண்டும் வாய்க்கவில்லை என்பதே அதன் தொகுதிகளைப் புரட்டும்போது எமக்குத் தோன்றும் எண்ணம்.

மொழிச் சுவரின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1958இல் லண்டன் கீழைத்தேய ஆப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தின் நூலகர் ஜே. டி. பியர்ஸன் ‘இண்டெக்ஸ் இஸ்லாமிகஸ்’ என்ற அட்டவணையை வெளியிட்டார். 1906 முதல் 1955 வரை இஸ்லாம் பற்றி வெளியான 26,000க்கும் அதிகமான கட்டுரைகள் அதில் பொருள்வாரியாக வகைப்படுத்தப்பட்டன. கணினி இல்லாத காலத்தில் நிகழ்ந்த அந்த உழைப்பின் முன் நாம் தலை வணங்குகின்றோம். ஆயினும் அது ஐரோப்பிய மொழிக் கட்டுரைகளை மட்டுமே ஏற்றது. ஸுலைமான் நத்வி அறபியரின் கடற்பயணம் பற்றி 1931இல் பம்பாயில் உர்துவில் உரையாற்றினார். அது அஸம்கரிலிருந்து நூலாகவும் வெளிவந்தது. அதன் ஆங்கிலப் பெயர்ப்பு 1941, 1942ஆம் ஆண்டுகளில் ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ இதழில் வந்தது. அத்தகைய அட்டவணையின் வழியே மட்டும் தேடும் ஆய்வாளனுக்கு, பத்தாண்டுக்கு முந்திய உர்து உரை இல்லாத ஒன்று. ‘மஆரிஃப்’ இதழின் நாற்பதாண்டு உழைப்பும் அவ்வாறே. ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும் வரை அந்த அறிஞர் எழுதவேயில்லை என்பதுபோல் ஆகிவிடுகின்றது.

பின்னாளில் வந்த மேற்கோள் அட்டவணைகள் இந்நிலையை இன்னும் இறுக்கின. யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் அறிவியலுக்கெனத் தொடங்கிய முறை, 1970களில் சமூக அறிவியல்களுக்கும் கலைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எது எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்று எண்ணும் கருவி, காலப்போக்கில் எது மதிப்புடையது என்று தீர்ப்பளிக்கும் கருவியாயிற்று. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தனது பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. போலி இதழ்களைக் களைவதே நோக்கம். அந்நோக்கத்தில் குறை காண இயலாது. பின்னர் வேறொரு பட்டியல் அமைக்கப்பட்டு, 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. பட்டியல்கள் வரும், போகும். பட்டியலில் இடம்பெறுவதற்காகவே எழுதப்படும் கட்டுரைகள் மட்டும் குறைவதில்லை. ஷிப்லி இக்காலத்தில் வாழ்ந்திருந்தால், அவருடைய அறபு மறுப்புரைக்குப் பதவி உயர்வுக் கணக்கில் எத்தனை புள்ளிகள் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்து நாம் சிரித்ததுண்டு.

எனினும் பிறரைக் குறை கூறுமுன் நம் கைகளையும் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தமிழ் முஸ்லிம் இதழொன்றில் அரை நூற்றாண்டுக்கு முன் வந்த கட்டுரையைத் தேடிப் பழைய நூலகம் ஒன்றிற்குச் சென்றோம். நூலகர் அன்புடன் வரவேற்றுத் தடித்த தொகுதிகள் நான்கைக் கொண்டுவந்து வைத்தார். பைண்டு செய்தவர் எல்லா இதழ்களின் அட்டைகளையும், விளம்பரப் பக்கங்களோடு சேர்த்துக் கிழித்தெறிந்திருந்தார். மாதம், ஆண்டு, இதழ் எண் எதுவும் எஞ்சவில்லை. தேடிய கட்டுரை கிடைத்தது; அது எப்போது எழுதப்பட்டது என்பதைச் சொல்ல வழியில்லை. கட்டுரையின் நடுவே வந்த பெருநாள் வாழ்த்தொன்றைக் கொண்டு மாதத்தை ஊகித்தோம். ஆண்டை ஊகிக்க அதுவும் உதவவில்லை. மற்ற மூன்று தொகுதிகளில் என்ன உள்ளது என்று கேட்டபோது, அவை பற்றிய குறிப்பேடு எதுவும் எழுதப்படவில்லை என்றார் நூலகர். அன்று மாலை வரை அமர்ந்து, ஒரு தொகுதியின் கட்டுரைத் தலைப்புகளையும் ஆசிரியர் பெயர்களையும் பக்க எண்களோடு ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி, பிரதியொன்றை அவரிடமே விட்டு வந்தோம். இன்னும் மூன்று தொகுதிகள் எஞ்சியுள்ளன.